மெஷின் கதவு

துண்டை முகர்ந்த மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“மறுபடியும் பூஞ்சை வாடை! மெஷின்ல துவைக்கக்கூடத் தெரியலையே உனக்கு.”

“துவைச்சதும் மெஷின் கதவைத் திறந்து வைக்கணும் அத்தை. நீங்க உடனே மூடிடுறீங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா? இரு, கம்பெனிக்கே போன் பண்ணிக் கேக்கறேன்.”

மருமகளின் முகம் மாறியது. பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் மெஷினைத்தான் பார்த்தாள். அதன் கதவு அகலத் திறந்திருந்தது.

“அதை மூடிடாதே!” என்றார் மாமியார். “கம்பெனியில ஒரு பொண்ணு பேசினா. என்ன பொறுமை, என்ன மரியாதை! கதவைத் திறந்து வச்சு, கதவோரத்து ரப்பரைத் துடைச்சா பூஞ்சையே வராதாம். கடைசியில மார்க் போடச் சொன்னாங்க, பத்துக்குப் பத்து போட்டேன். நீயும் இருக்கியே!”

“அந்தப் பொண்ணு... யாருன்னு கேட்டீங்களா அத்தை?”

“பேரைக் கேக்க மறந்துட்டேன். குரலைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்.”

மருமகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆபீசில் அவளுக்கு என்ன வேலை என்று மாமியார் ஒருநாளும் கேட்டதில்லை.

துப்பட்டாவுக்குள் தொங்கிய வாஷிங் மெஷின் கம்பெனியின் கஸ்டமர் கேர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கல்யாணமான நாலு வருஷத்தில் மாமியாரிடம் அவள் வாங்கிய முதல் மார்க் அது.