புள்ளி எட்டு நான்கு

மாலை நான்கு மணிக்கு விடைகளைத் திறந்தார்கள்.

ராஜபாளையம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஜெயபாண்டியும் அவர் மனைவி பொன்மணியும் ஒரே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் வெளிநாட்டு ஆய்வகத்து முகங்கள்.

ஒரு துகள் சிதையும்போது எலக்ட்ரான்களும் மியூவான்களும் சம அளவில் வரவேண்டும் என்பது பழைய கோட்பாடு. விகிதம் ஒன்று. அதிலிருந்து நன்றாக விலகினால், இதுவரை யாரும் காணாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

அந்த ஆய்வகம் அனுப்பிய ஒரே தரவை இருவரும் தனித்தனியே கணக்கிட்டார்கள். திறக்கும் நாள்வரை புருஷன் பெண்டாட்டியே ஆனாலும் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ஒன்பது மாதமாக ஜெயபாண்டி வேறெதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அம்மாவைக்கூடப் பொன்மணிதான் போய்ப் பார்த்து வந்தாள்.

அவருக்குப் பொன்மணி மேல் பொறாமை. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரே வகுப்பில் படித்தார்கள். தங்கப் பதக்கம் அவளுக்கு. ஒரே கல்லூரியில் வேலை. சந்தேகம் கேட்க வருகிறவர்கள் இவரிடம் வந்து மேடம் எங்கே என்று கேட்பார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவர் கணக்கில் வந்தது 0.99. புதிதாக ஒன்றுமில்லை.

மூன்று வாரத்துக்கு முன், அவள் குளிக்கப் போன நேரத்தில், அவளுடைய நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், சுற்றி வட்டம் போட்டு, 0.84. பக்கத்தில் ‘அப்பாடா’ என்று ஒரு சொல்.

கண்டுபிடித்துவிட்டாள். இவர் கோட்டை விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து தரவில் எந்தச் சிதைவைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் தட்டினார். பதினோராம் நாள் 0.84 வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் எழுதினார். படித்தால் அவருக்கே நம்பும்படி இருந்தது.

திரையில் முதலில் பொன்மணியின் விடை வந்தது.

0.99.

அடுத்து அவருடையது, 0.84. அங்கே யாரோ இருமினார்கள். எப்படி இவ்வளவு விலகல் என்று ஒருவர் கேட்டார். ஜெயபாண்டி தான் எழுதி வைத்த காரணங்களைத் தேடினார்.

பொன்மணி மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏங்க, வேடிக்கையப் பாருங்க. அத்தைக்கு கிட்னி கெட்டிருக்குமோன்னு ரத்த டெஸ்ட் எடுத்தேன், அதுலயும் இதே புள்ளி எட்டு நாலுதான். பயமில்லன்னுட்டாக. நீங்க வேலையா இருந்தீகளேன்னுதான் சொல்லல. இந்தா, நோட்டுல கூடக் குறிச்சு வச்சிருக்கேன்.”

அம்மாவுக்கு என்ன செய்தது என்றுகூடக் கேட்காமல், அவர் திரையிலிருந்த தன் எண்ணையே பார்த்தார்.

அவள் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். வட்டத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகு நோட்டை மூடித் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.