கதாநாயகன் சாக மறுக்கிறான்

கதாநாயகன் மூன்றாவது முறையாகச் செத்துக்கொண்டிருந்தான்.

முதல் முறை அவன் நெஞ்சில் குண்டு பாய்ந்தபோது அரங்கமே உச்சுக்கொட்டியது. இரண்டாவது முறை விண்கலத்தோடு எரிமலைக்குள் விழுந்தபோது பாதிப் பேர் கைப்பேசியை எடுத்து மணி பார்த்தார்கள். இப்போது யாரும் எதுவும் செய்யவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் குறட்டை விட்டு அஞ்சலி செலுத்தினார்.

காட்சிகளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஊதா வானத்தில் இரண்டு நிலாக்கள். காற்றடித்தால் நிறம் மாறும் காடு. அந்தக் காட்டின் ஒவ்வொரு இலையையும் தனித்தனியாக வரைந்தார்களாம்.

வரைந்தவர்கள் சும்மா விடுவார்களா? ஒவ்வொரு இலையையும் தனித்தனியாகக் காட்டினார்கள்.

பின்வரிசையில் ஒரு கணவர் மனைவிக்கு முதல் பாகத்தின் கதையை விளக்கிக்கொண்டிருந்தார். இவன்தான் அவன் என்றார். இல்லை, அவன் போன பாகத்திலேயே போய்விட்டான், இது அவன் தம்பி என்றார். அந்த அம்மாள் தூங்கிப்போய் வெகுநேரமாகியிருந்தது. அவர் தனக்கே விளக்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை பேர் நடுவில் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ரசித்தார்.

கடையில் நாள் முழுக்க ஊராரின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று கேட்டே தொண்டை வற்றுகிறவர் அவர். இன்று பக்கத்தில் ஒன்பது வயது மகள். தியேட்டரில் கொடுத்த முப்பரிமாணக் கண்ணாடி அவள் மூக்கில் நிற்காமல் வழுக்கியது. அவளுடைய ரப்பர் பேண்டையே கழற்றி, கண்ணாடியின் இரண்டு காம்புகளையும் பின்னந்தலையில் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார். தொழில் சுத்தம்.

"அப்பா, அந்த ஆளைச் சீக்கிரம் சாகச் சொல்லுங்கப்பா. பாவம், எனக்கே மூச்சு முட்டுது" என்றாள் மகள்.

"இரும்மா. உடனே போயிடுவானா? பெரிய வீரன்ல."

வீரன் போகவில்லை. போகிற நேரத்தில் பழைய காதலி ஞாபகத்துக்கு வந்தாள். ஞாபகத்தில் அவள் ஒரு பாட்டுப் பாடினாள். பாட்டு முடிந்ததும் அடிவானம் கறுத்தது. எதிரிகளின் விண்கலங்கள் ஈசல் மாதிரி கிளம்பி வந்தன.

இன்னொரு போர்!

அரங்கம் முழுக்க முனகல் எழுந்தது. யாரோ "ஐயோ அம்மா" என்றார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் கைதட்டினார்.

அவருக்கு இடப்பக்கம் இருந்தவர் வங்கி மேலாளர் போலிருந்தார். இவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்தப் படத்துல நீங்க ஏதாவது பணம் போட்டிருக்கீங்களா?"

கண்ணாடிக் கடைக்காரர் சிரித்து மழுப்பினார். மகள் வெட்கத்தில் இருக்கைக்குள் சரிந்தாள்.

ஒருவழியாக எதிரிகள் தீர்ந்தார்கள். கதாநாயகன் ஒரு நிலாவையும் உடைத்துவிட்டு, கடைசிச் சொற்பொழிவை ஆற்றிவிட்டு, நிஜமாகவே செத்தான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாராட்டு இல்லை, விடுதலை.

ஜனம் முண்டியடித்துக்கொண்டு வெளியேறியது. கண்ணுக்கு விருந்து, இடுப்புக்குத் தண்டனை என்றார் ஒருவர். கத்தரிக்கோல் வாங்கக் காசில்லாமல் போய்விட்டதா என்று கேட்டார் இன்னொருவர். மூன்றாம் பாகமும் வருகிறது என்று யாரோ சொன்னதும் கூட்டம் இன்னும் வேகமாக நகர்ந்தது.

"எப்ப வருதாம்?" என்று கேட்டவர் கண்ணாடிக் கடைக்காரர் மட்டும்தான்.

திரையில் பெயர்கள் ஓடின. சமையல்காரர், ஓட்டுநர், ஓட்டுநரின் உதவியாளர் என்று ஒன்றுவிடாமல் படித்தார். திரை வெளுத்த பிறகும் உட்கார்ந்திருந்தார். துடைப்பத்தோடு காத்திருந்த பெண், "இனிமே சுவர்தான் சார் தெரியும்" என்றாள். அதன் பிறகுதான் எழுந்தார்.

வெளியே நடைகூடம் காலியாகியிருந்தது. மகள் பைக்குள் இருந்த கைப்பேசி அடித்தது. அம்மா.

அவர் முகம் மாறியது.

கைப்பேசி அவளுடைய அம்மா கொடுத்துவிட்டது. காலையில் வாசலில் நிற்கவைத்தே சொல்லியிருந்தாள். "சினிமாவுக்கு வேணா கூட்டிட்டுப் போங்க. படம் முடிஞ்சதும் நேரா கொண்டுவந்து விட்டுடணும்." குரலில் கோபம்கூட இல்லை. பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறவனிடம் பேசும் குரல்.

விவாகரத்துக்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு அவருக்கு. அதுவும் இப்படி.

பக்கத்து அரங்கில் கரடிக்குட்டி நடித்த கார்ட்டூன் படம் ஓடியது. உள்ளே நுழையும்போது மகள் அதற்குத்தான் போகலாம் என்று அடம்பிடித்திருந்தாள். அது சின்னப் படம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். போன வாரம் முழுக்கக் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அவர் விமர்சனங்களாகத் தேடித் தேடிப் படித்திருந்தார். எல்லோரும் ஒரே குரலில் நீளம், தாங்க முடியாத நீளம் என்று திட்டியிருந்த இந்தப் படத்துக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்.

இதையெல்லாம் அவர் மகளிடம் சொன்னதில்லை.

"எடும்மா. முடிஞ்சிருச்சு, கிளம்பிட்டோம்னு சொல்லு" என்றார். ஏற்கெனவே வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.

மகள் கைப்பேசியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு நடைகூடத்தின் ஓரத்தில் இருந்த படியில் சாவகாசமாக உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"இன்னும் முடியலம்மா. மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க. இப்பதான் புதுசா ஒரு கிரகத்துக்குக் கிளம்பியிருக்காங்க."