அப்பாவின் தூக்கம்

டிரைவர் ஆறு மணி நேரம் தூங்கியதாகக் கைப்பட்டை சொன்னால்தான் லாரி கிளம்பும். அப்பா சரக்கேற்ற ஓடும்போது அவருடைய பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு தூங்குவது இரண்டு வருடமாகக் கோகிலவாணியின் வேலை. அப்படித் தன் மகனைத் தூங்கவைத்து ஓட்டிவந்த எதிர்வீட்டு டிரைவர், போன வாரம் லாரியோடு பாலத்திலிருந்து விழுந்து செத்தார். இன்று காலை முழுக்க அவள் பட்டையோடு கொட்டக்கொட்ட விழித்தே கிடந்தாள்.

மதியம், "ஓட்டுநர் தூங்கவில்லை" என்றது லாரி.

"ஏங்கண்ணு, தூங்குலியா? நாளான்னிக்கு நாக்பூர்ல நிக்கோணும்! எல்லாம் உன்ற படிப்புக்குத்தான..."

"என்ற படிப்பு முடிஞ்சுதுங்கப்பா. உங்க தூக்கத்த இனி நீங்களே தூங்குங்க."

அடிக்கக் கையை ஓங்கியவர், தள்ளாடி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். திட்டி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றி அவர் மணிக்கட்டில் கட்டினாள். அது அவர் தூக்கத்தை ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தது.