பன்னிரண்டு வெடிப்புகள்

அக்கா மூன்றாவது திரைக்கு நகர்ந்துவிட்டாள்.

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குக் கீழே ஒட்டியிருந்த, தேதியும் நேரமும் போட்ட சின்ன அட்டையைக் குனிந்து படித்தாள். திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்த சிற்பத்தை அவள் பார்க்கவே இல்லை.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி அதைப் பார்த்துவிட்டான்.

அந்த அட்டையை யார் ஒட்டச் சொன்னது? எல்லாம் கண்காட்சிக்காரர்களின் வேலை. “வாங்க வர்றவங்க முதல்ல அதத்தான் சார் கேக்குறாங்க” என்று பல்லைக் காட்டினான் பொறுப்பாளன். அவன் சொன்னதும் சரிதான். டிஜிட்டல் கலைப்பொருளைப் பார்க்கிறவன் எவனும் நகலெடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது பிறந்த தேதியும் நேரமும் பதிவேட்டில் ஏறிவிட்டால், செய்தவனே தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. சேகரிக்கிறவர்களுக்கு அதுதான் அசல் என்பதற்குச் சாட்சி.

இவற்றைச் செய்த புத்திசாலித் தம்பியோ ஆர்வக்கோளாறில் அன்றன்றைய படத்தை அன்றன்றைக்கே ஏற்றிவைத்திருந்தான்.

பன்னிரண்டு திரைகள். பன்னிரண்டு தேதிகள், ஒரு நாள்கூட விடாமல். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த அதே பன்னிரண்டு நாட்கள்.

அக்கா சிற்பி. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை இரண்டு வருடமாகக் களிமண்ணில் செய்துகொண்டிருந்தாள். அச்செடுத்து வெண்கலத்தில் வார்க்கும்வரை மண் காயக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பட்டறைச் சாவியைத் தம்பி கையில் திணித்தாள். மேலே சுற்றியிருக்கும் துணியை இருவேளையும் நனைத்தால் போதும், வேறு எதையும் தொட்டுவைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் உச்சியிலிருந்து பாதம்வரை பாளம் பாளமாக வெடித்திருந்தாள். ஒரு கை கழன்று தரையில் கிடந்தது.

“மறந்துட்டேன்க்கா. வேலைக்கு மேல வேலை. ஒரு நாள்கூட அந்தப் பக்கம் வர முடியல” என்றான் அன்றைக்கு.

அவள் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. பேச்சையே நிறுத்திவிட்டாள். எட்டு மாதமாக, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் மனைவிக்குத்தான் போன் செய்கிறாள். பின்னால் தம்பி இருமுவது கேட்டாலும், அது யார் என்று கேட்க மாட்டாள். அவனுக்கென்று கூடப் பிறந்தவள் இந்த ஒருத்திதான்.

பழைய புகைப்படம் ஒன்றிலிருந்து சிற்பத்தை எடுத்து, வெடிப்புகளைக் கணினியில் வரைந்ததாக வீட்டில் சொல்லியிருந்தான். மண் நிறத்தைச் செம்பு நிறமாக மாற்றியிருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ‘ஒரு நவீனச் சிற்பியின் படைப்பால் ஈர்க்கப்பட்டது’ என்று ஒரு வரியும் போட்டிருந்தான். மனைவி அத்தனையையும் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? நாத்தனாரைக் கெஞ்சிக் கூத்தாடி இன்றைக்கு இங்கே கூட்டிக்கொண்டும் வந்துவிட்டாள். நல்ல காரியம் செய்தாள் போ!

அக்கா ஏழாவது திரைக்குப் போய்விட்டாள். விரலை மடக்கி எண்ணுகிறாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் ஓடினான். வழியில் ஒரு கோட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். அந்த வெடிப்புகளைப் பார்த்துத் தனக்குத் தூக்கமே போய்விட்டதாம். நாளுக்கு நாள் எப்படி ஆழமாகிறது, என்ன கற்பனை, என்ன கற்பனை என்றார். அவன் நன்றி சொன்னான். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பன்னிரண்டாவது அட்டையையும் படித்து முடித்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

சரி, தொலைந்தோம் என்று நினைத்தான். காலில் விழுந்துவிடலாம், இத்தனை பேர் பார்த்தாலும் பரவாயில்லை என்று நினைத்தான். அவள் அறைந்தால் வாங்கிக்கொள்வதற்காகக் கன்னத்தைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டான்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“தினமும் வந்திருக்கியேடா, பாவி! தினமும் வந்து நனைச்சும் வெடிச்சிருக்குன்னா, என் மண்ணுலதான் கோளாறு. மணல் குறைச்சலாப் போட்டுட்டமோன்னு எனக்கு அப்பவே சந்தேகம். அதச் சொன்னா நான் ஒடஞ்சுபோவேன்னுதானே, மறந்துட்டேன்னு பழிய உன் தலையில போட்டுக்கிட்ட? எட்டு மாசம் உன்கூடப் பேசாம இருந்தேனேடா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோட்டுக்காரர்கூட மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்றார்.

அவன் வாயைத் திறந்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தான். அக்காவின் கை எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் தோளில் இருந்தது.

“விடுக்கா” என்றான்.

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே, இந்த முறை படங்களைப் பார்ப்பதற்காக, முதல் திரையை நோக்கித் தாங்கித் தாங்கி நடந்தாள். அவமானத்தில் அவனுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. அவள் விழுந்துவிடக் கூடாதே என்று கூடவே நடந்தான்.

ஐந்தாம் நாள் காலையில், வெடிப்பு போதவில்லை என்று, அவன் வீட்டு மேசை மின்விசிறியைத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் களிமண் பெண்ணின் முன்னால் ஓடவிட்டிருந்தான்.