முன்பக்கத்து பெஞ்சு

விக்டர் அந்தக் கிழவரின் தோளைத் தொட்டார்.

"பெரியவரே, இங்கன வேண்டாம். பின்னால முத்தத்துல போயி இரும். இலை போடச் சொல்லுதேன்."

கிழவர் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோளில் கிடந்த துண்டு நனைந்திருந்தது. வேட்டியில் மீன் செதில் ஒட்டியிருந்தது. தருவைகுளத்திலிருந்து மீன்பெட்டியோடு வந்தவராக இருக்க வேண்டும்.

விக்டரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு எழுந்து, படியிறங்கி, சந்து வழியாகப் பின்பக்கத்து முற்றத்துக்குப் போனார்.

எழுபத்தாறாம் வருஷம். புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து வெளியூர் ஆட்கள் நிறையப்பேர் விக்டர் கடைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். அன்றைக்கும் சுவரோர மேசையில் மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரிகள் மூன்று பேர். முன்பக்கத்து பெஞ்சில் நானும் ஒரு லாரி டிரைவரும்.

நான் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. சொந்த ஊர் நாசரேத். இரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அந்த மீன் குழம்புக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம்.

விக்டர் அதிகாரிகளின் மேசைக்குப் போய் நின்றார்.

"சீலா மீனு இன்னொரு துண்டு வைக்கட்டா சார்?"

அந்தக் குழைவைக் கேட்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவரை எழுப்பி விரட்டிய அதே வாய்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தெருவிலிருந்து ஒரு பெண் விறுவிறுவென்று படியேறி வந்தாள்.

முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். முகமெல்லாம் வேர்வை. சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். அந்தக் கிழவரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கூட வந்தார்.

அந்தக் கடைக்குள் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் தெருவில் நின்று பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

எழுந்த இடத்திலேயே அவரை உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"ரெண்டு சாப்பாடு."

கத்தவில்லை. ஆனால் கடை முழுக்கக் கேட்டது.

விக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. கிட்டே வந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏளா, மானத்தை வாங்காத. எழும்பு."

"மொதல்ல எங்க அப்பாவுக்கு இலையைப் போடும்."

"பெரிய ஆளுக இருக்காவ. அப்புறம் பேசிக்கிடலாம்."

அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். தம்ளர்கள் குதித்தன.

"பசியோட வந்த மனுசன நாய விரட்டுத மாதிரி விரட்டுதீரு! அவரு யாருன்னு உமக்குத் தெரியாதா?"

அந்தக் கை மேசைமேல் அப்படியே கிடந்தது. விரலிடுக்கிலெல்லாம் மஞ்சள். கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

யாரும் சாப்பிடவில்லை. அப்போதுதான் தீய்ந்த வாடை வந்தது.

அதிகாரிகளில் ஒருவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "உள்ள யாருப்பா? குழம்பு அடிபிடிக்குது பாரு!"

உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

அவள்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"உள்ள யாருமில்ல சார். நான் இங்கன இருக்கேன்."

எங்களுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது.

இந்தக் குழம்பு யார் கைப்பக்குவம் என்று நான் விக்டரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு என்பார். அது தன் பெண்டாட்டி மெட்டில்டா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படியானால் அவர் 'பெரியவரே' என்று கூப்பிட்டு எழுப்பியது சொந்த மாமனாரை.

"பொண்ணு குடுத்த மனுசனையா அண்ணாச்சி?" என்றார் லாரி டிரைவர்.

விக்டர் உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சோற்றுத் தூக்கோடு வந்தார். அவரே இலை போட்டார். அவரே பரிமாறினார். குழம்பு ஊற்றும்போது கரண்டி தவறி இலைக்கு வெளியே சிந்தியது.

"சாப்பிடுங்க மாமா," என்றார்.

கிழவர் சோற்றை அளைந்துகொண்டு மகளைப் பார்த்தார். மெட்டில்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை. கண்ணிலிருந்து வடிந்ததை முழங்கையால் துடைத்துக்கொண்டு, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தீய்ந்த குழம்பை இன்னொரு தரம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

பிறகு கை கழுவிவிட்டு, எல்லோர் நடுவிலும் நடந்து அடுப்படிக்குள் போனாள். அன்றிலிருந்து அந்தக் கிழவர் வந்தால் முன்பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்தார். விக்டர்தான் பரிமாறினார்.

இதை ஆபீசில் நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் விக்டரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். மாமனாரை யாரென்றே தெரியாத மாதிரி விரட்டினவன் ஒரு மனுஷனா என்பேன். கேட்கிறவர்களும் ஆமாம் என்பார்கள்.

அந்த மூன்று அதிகாரிகளும் கிழவர் வந்து உட்கார்ந்ததைக் கவனிக்கவேயில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கை தட்டி விக்டரைக் கூப்பிட்டு, "என்ன அண்ணாச்சி, பக்கத்துல வாடை தாங்கல, மனுசன் சாப்பிட வேண்டாமா?" என்று கேட்டது நான்.