புழுதி படாத சட்டை

காலை ஏழரைக்கே மைதானத்தில் வெயில் ஏறிவிட்டது. மாவட்ட மகளிர் அணிக்கு ஒரு விக்கெட் கீப்பர்தான் தேவை, வந்திருந்தவர்கள் இருவர். பேட்டிங்கில் இருவரும் ஒன்றுபோல நன்றாக அடித்தார்கள். கீப்பிங்கில் ஷர்மிளா பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். ஒவ்வொரு முறையும் சுற்றி நின்று பார்த்தவர்களின் கைதட்டல். மெர்லின் விழவேயில்லை. பந்து வரும் இடத்துக்கு அவள் கால்கள் முன்பே போயிருந்தன. அவளுக்கு யாரும் கைதட்டவில்லை. தன் சட்டையில் புழுதியே இல்லாததைப் பார்த்ததும் மெர்லினுக்குப் பயம் வந்தது. நின்றபடியே பிடித்திருக்கக்கூடிய கடைசிப் பந்தை விழுந்து, புரண்டு பிடித்தாள்.

"அடியே, உனக்கு விழவும் தெரியுமா!" என்று ஷர்மிளா கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

தேர்வாளர் தங்கபுஷ்பம் சிரித்துக்கொண்டே வந்து மெர்லினைத் தூக்கிவிட்டார்.

"இவ்ளோ நேரம் நல்லாத்தானம்மா நின்னு பிடிச்சே, இப்ப எதுக்கு விழுந்தே?"