ஹோசூர் ரோடு பள்ளம்

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கி ஒன்றரை மணி நேரம். அதற்குள் வித்யாலட்சுமியின் மாமனார் பெருமாள்சாமி லிஃப்ட்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

காலையில் வீட்டருகே ஒக்கலிபுரத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டருக்குச் சொன்னார். சீட்டு எழுதிய நர்ஸுக்குச் சொன்னார். காது கேட்காத வாட்ச்மேனுக்குக் கையாலேயே நடித்துக் காட்டினார்.

பேரன் தருணுக்கு ஒன்றரை வயது. ஒரு பக்க விதை, விதைப்பைக்குள் இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. குற்றவாளி யார் என்பதை, பேரன் பிறந்த வாரமே பெருமாள்சாமி கண்டுபிடித்துவிட்டார்.

“ஏழு மாசம் வரைக்கும் மருமக எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ்ல போனா சார். ஹோசூர் ரோடு பள்ளத்துல பஸ் தூக்கிப் போட்ட போடுல, கீழ வரவேண்டியது பயந்துபோய் மேலயே உக்காந்துடுச்சு. எங்க வம்சத்துல ஏழு தலைமுறைக்கும் இப்படி ஒண்ணு கிடையாது!”

பஸ்ஸில் சொன்னபோது முழங்கால் ஆழம் இருந்த பள்ளம், லிஃப்ட்காரரிடம் வருவதற்குள் ஒரு லாரியை முழுசாக விழுங்கியிருந்தது.

வித்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவன் சீனு எப்போதும்போல் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

ஒன்றரை வருடமாக அவள் நாக்கு நுனியில் ஒரு பதில் காத்திருந்தது. குழந்தை நல்லபடியாக வெளியே வரட்டும், இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் சொல்லியே விடுவது.

விளக்கு அணைந்தது.

டாக்டர் வந்தார். வயிற்றைக் கிழிக்கவில்லை, தொப்புளருகே சின்னதாக ஓட்டை போட்டு, கேமராவை விட்டுத் தேடியதில் அடிவயிற்றில் அகப்பட்டதாம். இறக்கிப் பையில் வைத்துத் தைத்தாயிற்று. நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்.

வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பதிலோடு திரும்பினாள்.

மாமனாரைக் காணவில்லை.

வராந்தாக் கோடியில் டாக்டரை மடக்கி நிறுத்தியிருந்தார். மூன்று மாடிக்குக் கேட்கிற அந்தக் குரல் கொசுவின் குரலாகச் சுருங்கியிருந்தது. வித்யா பின்னால் வந்து நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“டாக்டரே, அந்தக் கேமராவ உள்ள விட்டுத் தேடறது... அறுபத்தி மூணு வயசுக்கும் பண்ணுவீங்களா?”

“யாருக்கு?”

ஏழு தலைமுறைக்கும் சாட்சி சொன்ன மனிதர் குனிந்து தன்னையே ஒரு தரம் பார்த்துக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

வித்யாவுக்கு ஒன்றரை வருடப் பதில் மறந்தே போயிற்று.

மாமனார் பிறந்த வருடம் ஹோசூர் ரோட்டில் எந்தக் கம்பெனி பஸ் ஓடியது என்று மட்டும் கேட்கத் தோன்றியது.